அட்டெண்டர் யாரு?

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை என்றால் அம்மா நாலரை மணிக்கே எழுந்துவிடுவாள். தூக்குவாளியில் இட்லி. மஞ்சப்பைக்குள் ஓ.பி. நோட்டு, ஆதார் நகல், தண்ணீர் பாட்டில். ஐந்தே முக்கால் பஸ்ஸில் தன் தம்பியை, அதாவது என் மாமாவை, ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவாள். ஜன்னலோரம் அவருக்குப் பிடிக்கும் என்பது ஒரு காரணம். நடுவழியில் இறங்கிப் போய்விடக் கூடாது என்பது இன்னொன்று. எட்டு மணிக்கு டோக்கன் வாங்கினால் பதினொன்று வாக்கில் கூப்பிடுவார்கள். கதவுக்குள்ளிருந்து குரல் வரும்: "பேஷண்ட் அட்டெண்டர் யாரு?" அம்மா கையைத் தூக்குவாள்.

"மாத்திரை ஒழுங்காக் குடுக்குறீங்களாம்மா? நைட்டு தூங்குறாரா? தனியாப் பேசுறாரா?" மூன்று கேள்வி, மூன்று பதில், அடுத்த டோக்கன். இப்படியே 16 வருஷம். மாமா தூங்குகிறாரா என்று மாதம் தவறாமல் விசாரித்த அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் தூங்கினாளா என்று ஒருநாளும் பேச்சு எழுந்ததில்லை. டாக்டர்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. வெளியே எண்பது பேர் நின்றால் யாருக்கும் அதற்கு நேரம் இருக்காது. வீட்டில் நாங்களும் கேட்டதில்லை. எங்களுக்கு நேரம் இருந்தது.

மனச்சிதைவு நோய் வந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களின் நலம் என்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. அதை அளக்கிறார்கள், ஆராய்கிறார்கள். அதற்கென்று செய்யக்கூடிய காரியங்களும் உண்டு. இதெல்லாம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. புதிதாக இந்தப் பொறுப்புக்கு வந்தவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரியட்டும்.

கத்துகிற நோய், கத்தாத நோய்

ஸ்கிசோஃப்ரினியாவைத்தான் தமிழில் மனச்சிதைவு என்கிறோம். பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். பெண்களுக்குச் சில வருடம் தள்ளி வருவதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகம் முழுக்கச் சுமார் 2.4 கோடிப் பேர், அதாவது ஏறத்தாழ 300 பேரில் ஒருவர். மூன்று லட்சம் பேர் வாழ்கிற ஒரு தாலுகாவில் ஆயிரம் பேர் என்று வரும். அந்த ஆயிரம் பேரில் பெரும்பாலானவர்களுக்குப் பின்னால் ஓர் அம்மாவோ, அக்காவோ, மனைவியோ, கணவரோ, வயசான அப்பாவோ நிற்பார்.

மாமாவுக்கு 23 வயதில் வந்தது. பாலிடெக்னிக் முடித்து மில் வேலையில் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ரேடியோ செய்தியில் தன் பெயரை வாசிக்கிறார்கள் என்றார். டீக்கடையில் எல்லோரும் தன்னைக் காட்டி ஜாடை பேசுகிறார்கள் என்றார். ராத்திரியெல்லாம் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். செய்வினை என்றார்கள். குணசீலம் கோயிலுக்குப் போனார்கள். மந்திரித்தார்கள். கடைசியில்தான் ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு இந்த வரிசை மனப்பாடம்.

குரல் கேட்பது, சந்தேகம், இல்லாததை இருப்பதாக நம்புவது, இவற்றை மருத்துவத்தில் நேர்மறை அறிகுறிகள் என்பார்கள். நல்லது என்ற பொருளில் இல்லை. முன்பு இல்லாத ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்பதால் அந்தப் பெயர். மாத்திரை பெரும்பாலும் கேட்பது இவற்றுக்குத்தான். மாமாவுக்கும் மூன்று மாதத்தில் குரல்கள் அடங்கின. அம்மாச்சி கிடா வெட்டிப் பொங்கல் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் யாரும் எதிர்பார்க்காத கட்டம் வந்தது. மாமா குளிக்க மாட்டார். சொன்னால் "ம்" என்பார், எழுந்திருக்க மாட்டார். திண்ணையில் காலையில் உட்கார்ந்த இடத்தில் சாயங்காலமும் இருப்பார். சிரிப்பில்லை, கோபமில்லை, எதிலும் பிடிப்பில்லை. இதற்கு எதிர்மறை அறிகுறிகள் என்று பெயர்: இருந்தது போய்விட்ட நிலை. மாத்திரை இதைத் தொடுவது குறைவு. சில மாத்திரைகள் மந்தத்தையும் பசியையும் கூட்டிவிடும்.

வெறிபிடித்தாற்போல் இருந்தபோது தெருவே இரக்கப்பட்டது. அமைதியாக உட்கார்ந்ததும், "தின்னுட்டுத் தூங்குறான், ஆம்பளைப் பய ஒரு வேலைக்குப் போகக் கூடாதா?" என்று ஆரம்பித்தது. வீட்டுக்குள்ளும் அதே பேச்சுதான். கூட இருப்பவரை உண்மையில் தேய்ப்பது இந்த இரண்டாவது கட்டம் என்பது என் கணிப்பு. அமளி ஒருவாரம், பத்துநாள். இது வருஷக்கணக்கு. குளி, சாப்பிடு, பல் விளக்கு என்று ஒரே வார்த்தையை ஒரு நாளைக்கு இருபது தடவை ஐம்பது வயசு மனுஷனிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும். இது சோம்பேறித்தனமில்லை, நோயின் பாதி இதுதான் என்று முதல் வருஷமே யாராவது எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

கூடாரத்தில் தங்கிய குடும்பங்கள்

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அந்த இடைவெளியை இத்தனை காலமாக நிரப்பிவருவது குடும்பம். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை.

இதற்கு ஒரு நல்ல தொடக்கமும் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர் நோயாளிகளின் சொந்தக்காரர்களையும் வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். பார்த்துக்கொள்ள ஆள் பற்றாக்குறை என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் கூடவே தங்கிய குடும்பத்தார் நோயைப் புரிந்துகொண்டார்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள், கூட்டிவந்தவரைத் திரும்ப வீட்டுக்கே அழைத்துப்போனார்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் குடும்பத்தில் ஒருவர் கூடத் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்துக்கொண்டது. மேல்நாடுகளில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து உயரமான சுவருக்குள் வருஷக்கணக்கில் வைத்திருந்த வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

ஆனால் உதவிக்கு வந்தவரையே காலப்போக்கில் விடுப்பில்லாத ஊழியராக ஆக்கிவிட்டோம். அந்த ஊழியருக்கும் முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடுகிற தர்கா ஊரான ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அப்போது எல்லோரும் கேட்டது, பெற்ற பிள்ளையைச் சங்கிலி போட்டு விட்டுப்போக எப்படி மனசு வந்தது என்று. அம்மாச்சிக்குப் படிக்கத் தெரியாது. பேப்பரை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். முடித்ததும் வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, "அவுகளுக்கு மாத்திவிட ஆள் இல்லாமப் போயிருக்கும்டா" என்றாள்.

சங்கிலி போடுவது இப்போது சட்டப்படி குற்றம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை அடியோடு தடை செய்கிறது. மாற்றிவிட ஆள் வேண்டும் என்பதற்குத்தான் இன்னும் சட்டமில்லை.

நிலைப்படியில் ஒரு பாய்

பராமரிப்பவரின் பாட்டை ஆய்வாளர்கள் 'சுமை' என்ற சொல்லால் குறிக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்காது. மாமா ஒரு மூட்டை இல்லை. ஆனாலும் அதற்குள் ஒரு பயனுள்ள பிரிவினை இருக்கிறது. 1966இல் இங்கிலாந்தில் ஹோனிக், ஹாமில்டன் என்ற இருவர் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். வெளியிலிருந்து எண்ணிப் பார்க்கக்கூடியது ஒன்று: செலவான பணம், போன வேலை, கெட்ட தூக்கம், நின்றுபோன விசேஷங்கள். அதைச் சுமப்பவருக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்றில்லை. மலைபோல் வேலை இருந்தும் தெம்பாக இருப்பவர்கள் உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாத வீட்டில் உள்ளுக்குள் நொறுங்கியவர்களும் உண்டு. "உனக்கென்ன, அவன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கான்" என்று சொல்கிற சொந்தக்காரர் முதலாவதை மட்டும் எண்ணுகிறார்.

நம் ஊருக்குப் பொருந்துகிற அளவுகோல் ஒன்று சென்னையிலேயே உருவானது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் பல வருடம் இருந்த டாக்டர் சாரதா மேனன், 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார். அங்கே டாக்டர் தாராவும் உடன் பணியாற்றியவர்களும் குடும்பங்களிடமே பேசிப் பேசி, 40 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை உண்டாக்கி 1998இல் வெளியிட்டார்கள். வீட்டு வரவுசெலவு, உடம்பு, மற்ற உறவுகள், கணவன் மனைவிக்கிடையே என்ன ஆயிற்று, வெளியிலிருந்து உதவி வருகிறதா என்று போகும் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இல்லை, ஓரளவு, ரொம்ப என்கிற மாதிரி மூன்று படியில் பதில்.

இதைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு ஞாபகம் வந்தது அம்மாச்சியின் பாய். ராத்திரியில் மாமா எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். நாலாம் நாள் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டில் கிடைத்தார். அன்றிலிருந்து அம்மாச்சி நிலைப்படியை அடைத்தாற்போல் குறுக்கே பாய் போட்டுப் படுத்தாள். அவர் வெளியே போக வேண்டுமானால் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். கால் பட்டால் முழிப்பு வந்துவிடும். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும். சேலையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள், இடம் மாற மாட்டாள். அவள் சாகும்வரை அங்கேதான் படுத்தாள். மூட்டுவலி, ரத்தக்கொதிப்பு, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது எல்லாவற்றுக்கும் வயசாகிவிட்டது என்று பெயர் வைத்தோம். அவளுக்கு அப்போது 58 வயது.

தொடர்ந்து தூக்கம் கெடுவது சாதாரண விஷயமில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு மூன்றுக்கும் அதோடு சம்பந்தம் உண்டு. பராமரிப்பவர்களில் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் என்பது உலகெங்கும் திரும்பத்திரும்பப் பார்க்கப்பட்ட ஒன்று.

வாய்விட்டுச் சொல்லாதவை

உடம்பைவிட மனசு சொல்ல வெட்கப்படுகிற விஷயங்கள் அதிகம்.

முதலில் குற்றவுணர்வு. வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டேனோ, சின்ன வயசில் அடித்தேனோ, செல்லம் கொடுத்தேனோ என்று அம்மாக்கள் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு ஊர்மட்டும் காரணமில்லை, மருத்துவமும் ஒரு காலத்தில் துணைபோனது. 1948இல் ஃப்ரீடா ஃப்ராம் ரைக்மன் என்ற மனப்பகுப்பாய்வாளர், பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற பொருளில் ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். அடுத்த இரண்டு மூன்று பத்தாண்டுகளுக்கு அமெரிக்காவில் அம்மாக்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அந்தக் கருத்துக்கு ஆதாரம் எதுவும் நிற்கவில்லை, கைவிடப்பட்டுவிட்டது. மரபணுவின் பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரலாம், அதாவது ஒன்பது பேருக்கு வராது. வளர்ப்பால் வந்தது என்று யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. தங்கச்சிக்கு வரன் பார்த்தபோது "தாய்மாமனுக்கு இப்படியாமே" என்று இரண்டு இடம் தட்டிப்போனது. அந்தக் கணக்கை அவர்களுக்கு யார் சொல்வது?

இரண்டாவது துக்கம். ஆள் உயிரோடு எதிரில் இருக்கிறார், ஆனால் நமக்குத் தெரிந்த அந்த ஆள் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இந்த மாதிரி முடிவு தெரியாத இழப்பைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதியிருக்கிறார். செத்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம் உண்டு, நாலு பேர் வந்து அழுவார்கள், அப்புறம் மெல்ல மெல்ல ஆறும். இதற்குச் சடங்கு கிடையாது. அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியில் மாமாவின் மில் அடையாள அட்டை கடைசிவரை இருந்தது.

மூன்றாவதைத்தான் யாருமே சொல்வதில்லை. ஒருநாள் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "சில நாளு, கடவுளே இவனை எடுத்துக்கிட்டாத் தேவலைன்னு தோணுதுடா. பாவி மாதிரி இருக்கு." பாவி இல்லை. பல வருஷம் ஓய்வில்லாமல் இருக்கிற யாருக்கும் இப்படி ஓர் எண்ணம் வந்துபோகும். அது களைப்பின் பாஷை. அந்த எண்ணம் வருகிறது என்றால் அவருக்கு உடனே ஆள் துணை வேண்டும் என்று அர்த்தம். அதுவே அடிக்கடி வந்தாலோ, அவனோடு நானும் போய்விடலாம் என்ற பக்கம் திரும்பினாலோ தள்ளிப்போடக் கூடாது. 14416 என்ற எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸுக்கு, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். நோயாளிக்காக மட்டுமில்லை, தனக்காகவும் கூப்பிடலாம்.

தியாகம் என்ற சொல்லையும் இங்கேயே கவனித்துக்கொள்வோம். "உங்க அம்மா தெய்வம்டா" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. சொன்னவர்களில் ஒருவர்கூட மாமாவை ஒரு வாரம் தன் வீட்டில் வைத்துக்கொள்ள முன்வந்ததில்லை. தெய்வத்துக்கு லீவு தேவைப்படாது என்பதுதான் இதிலுள்ள வசதி.

குரலில் ஏறுகிற சூடு

பராமரிப்பவர் நன்றாக இருப்பது அவருக்கு மட்டும் நல்லதில்லை, நோயாளிக்கும்தான். இதற்குப் பின்னால் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வெளியே போன நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களில் பலர், தனி விடுதிக்குப் போனவர்களைவிடச் சீக்கிரம் நோய் திரும்பி வந்து சேர்ந்தார்கள். ஏன் என்று தோண்டியதில், வீட்டில் நிலவும் உணர்ச்சிச் சூட்டை அளக்க ஒரு முறை உருவானது. ஓயாத குறைசொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப்பொத்தி வைப்பது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று அதிகமுள்ள வீடும் சூடான வீடுதான். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சூடான வீடுகளில் ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மற்ற வீடுகளில் ஐந்தில் ஒருவருக்குத்தான். 1980களில் சண்டிகரில் இதே அளவையை வைத்துப் பார்த்தார்கள். அங்கே சூடான வீடுகள் லண்டனைவிட மிகக் குறைவு.

இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா உன் வாய்தான் காரணம் என்று அம்மாமேல் பாய்ந்துவிடக் கூடாது. நோய் வருவதற்கு இது காரணமில்லை. வந்தபின் அடங்கியிருப்பதற்கும் திரும்புவதற்கும்தான் இதற்குச் சம்பந்தம். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? மூன்று ராத்திரி தூங்காதவள், தன் ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்து பத்துநாள் ஆனவள், ரேஷன் கடையில் அரைநாள் நின்று வந்தவள், திண்ணையில் குளிக்காமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் குரல் உயரத்தான் செய்யும். குரலைக் குறை என்று புத்தி சொல்வதில் பலனில்லை. தூங்கவிட்டால் தானாகக் குறையும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

என்ன உதவியது

எங்களுக்கு முதலில் உதவியது ஊசி. தினமும் மாத்திரை கொடுப்பது ஒரு யுத்தம். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு அப்புறம் துப்பிவிடுவார். அம்மாச்சி தோசைமாவில் பொடித்துக் கலந்து கொடுத்த காலமும் உண்டு. தப்புதான். தெரிந்த அன்றிலிருந்து அவர் ஒரு மாதம் வீட்டில் சாப்பிடவில்லை. சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற அவருடைய சந்தேகத்தை நாமே நிஜமாக்கிவிட்டோம். மருந்தைப் பொறுத்து இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடுகிற நீண்டநாள் ஊசி இருக்கிறது, எல்லோருக்கும் பொருந்தாது, டாக்டரிடம் கேளுங்கள். மாமாவே சம்மதித்து அதற்கு மாறினார். தினசரிச் சண்டை ஒன்று வீட்டைவிட்டுப் போனது. அம்மாவும் மாமாவும் மறுபடி அக்கா தம்பியாகப் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்தது, தெரிந்துகொள்வது. குடும்பத்தாரை உட்காரவைத்து நோய், மருந்து, பக்கவிளைவு, திரும்பி வருவதற்கான முன்னறிகுறி எல்லாவற்றையும் சில அமர்வுகளில் சொல்லித்தருவதைக் குடும்ப உளக்கல்வி என்கிறார்கள். மருந்தோடு இதுவும் சேர்ந்தால் நோய் திரும்புவது குறைகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். மனநலப் பிரிவுகளில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். டாக்டரிடம் மூன்று நிமிஷம்தான் கிடைக்கும், இவரிடம் அரைமணி நேரம் கிடைக்கும். பல பேருக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. மாமாவின் முன்னறிகுறியைக் கண்டுபிடித்துச் சொன்னது அப்படி ஒரு பணியாளர்தான்: நோய் கிளம்புவதற்கு ஒருவாரம் முன்பே அவர் ரேடியோவைத் துணியால் மூடுவார். 16 வருஷமாக அம்மா பார்த்தது, யாரும் கேட்காததால் சொல்லாதது.

இதே நிலையில் இருக்கிற இன்னொரு குடும்பத்தோடு பேசுவது மாத்திரைக்குச் சமம். சென்னையில் ஆஷா என்று குடும்பத்தாரே சேர்ந்து நடத்துகிற அமைப்பு இருக்கிறது. ஊரில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் ஓ.பி. வரிசையிலேயே ஆரம்பிக்கலாம். அம்மாவுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி அங்கே கிடைத்தவர்தான். மகனைக் கூட்டிவருகிற ஓர் அக்கா. இருவரும் மாதம் ஒருமுறை வடை வாங்கித் தின்றுகொண்டு சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். எதற்குச் சிரித்தீர்கள் என்றால் சொல்ல மாட்டார்கள்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தன்னைக் கவனித்துக்கொள்வது, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு பக்கமும் பார்த்து, எத்தனை வருஷமாக நோய் என்பதையும் சேர்த்துச் சதவீதம் போடுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சலுகைகளுக்கு வழி திறக்கும். சான்றிதழுக்குப் போகிற அன்று நம்மவர்கள் ஒரு தப்புச் செய்வார்கள்: மானத்துக்கு அஞ்சி, "இப்பல்லாம் நல்லாத்தான் இருக்கான் சார்" என்பார்கள். சதவீதம் இறங்கிவிடும். நல்ல நாளைச் சொல்லாதீர்கள், சாதாரண நாளைச் சொல்லுங்கள். அதேபோல, அரசு ஓய்வூதியம் வாங்கும் பெற்றோரின் பிள்ளை நோயால் சம்பாதிக்க முடியாதவராக இருந்தால், அவர்களுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுக்க அந்தப் பிள்ளைக்கு வரும்படி பதிந்துவைக்கலாம். உயிரோடு இருக்கும்போதே செய்தால் சுலபம்.

அடிதடி பற்றி இரண்டு வார்த்தை. மனச்சிதைவு உள்ள பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அவர்கள் அடிபடுவதுதான் அதிகம். ஆனால் நோய் ஏறிய நேரத்தில் கை ஓங்குவது நடந்தால், எதிரில் நிற்பது வீட்டு ஆளாகத்தான் இருக்கும். அந்த நேரம் வாதம் பண்ணாதீர்கள், கதவுப்பக்கம் நில்லுங்கள், வெளியே வந்துவிட்டு 108க்குக் கூப்பிடுங்கள். பொறுத்துக்கொள்வது பாசத்தின் அளவுகோல் இல்லை.

எல்லாவற்றையும்விட எங்களை மாற்றியது இரண்டாவது ஆள். அம்மா ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து பத்துநாள் படுத்தாள். அப்போதுதான் தெரிந்தது, மாமாவின் மருந்துப் பெயர், அளவு, ஊசி தேதி, எந்தச் சட்டை என்றால் மாற்றிக்கொள்வார், எந்த டம்ளரில்தான் காபி குடிப்பார், எதுவுமே எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்று. ஒரு மனுஷனின் வாழ்க்கை முழுக்க இன்னொருத்தியின் தலைக்குள் மட்டும் இருந்தது. அன்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அம்மா சொல்லச்சொல்ல எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று.

இப்போது ஒரு மாதம் அம்மா, ஒரு மாதம் நான் என்று செவ்வாய்க்கிழமையைப் பங்கு போட்டுக்கொண்டோம். சித்தி மகன் சனிக்கிழமை மத்தியானம் வந்து மாமாவோடு கேரம் ஆடுவான். அந்த மூன்று மணி நேரம் அம்மா வீட்டில் இருக்கக் கூடாது என்று கண்டிப்பு. முதல் இரண்டு சனிக்கிழமை கோயில் வாசலில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தாளாம். மூன்றாவது வாரம் ரத்த அழுத்தம் பார்க்கப் போனாள். 170 இருந்தது.

உதவி கேட்கும்போது ஒரு சின்ன நுணுக்கம். "கொஞ்சம் பார்த்துக்கோ" என்றால் யாரும் வரமாட்டார்கள். "சனிக்கிழமை ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணிவரை" என்றால் வருவார்கள். நாள், நேரம், என்ன வேலை என்று சொல்லிக் கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு.

கடைசியாக, பராமரிக்கிற எல்லோரும் ராத்திரி இரண்டு மணிக்கு விட்டத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிற கேள்வி: எனக்கப்புறம்? அம்மாச்சி அதைக் கேட்டுக்கொண்டே செத்தாள். அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எத்தனையோ முறை நாங்கள் கூடிக்கூடிப் பேசியிருக்கிறோம், மாமா திண்ணையில் இருக்கும்போதே, அவர் காதில் விழாதமாதிரி. அவரிடம் கேட்கத் தோன்றவேயில்லை. போன மாதம் நோட்டின் பின்னட்டையில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா இல்லாட்டி நீதான் பஸ்ஸுக்குக் கூட்டிப்போவியா மாப்ளே?"

"ஆமா மாமா. நானில்லாட்டி அடுத்த பேரு இருக்குல்ல, அவன்."

கொஞ்ச நேரம் பட்டியலையே பார்த்தார். பிறகு விரலை வைத்துக் காட்டினார்.

"நம்பரக் கொஞ்சம் பெருசா எழுது. கண்ணாடி இல்லாமப் படிக்கணும்ல."